அகிலும் அந்தமான் கடலும்

நல்ல நாளும் திருநாளும் வரும்போது நம் வீடுகளில் ஊதுவத்தி மணக்கிறது. தமிழ்நாட்டை விட்டு மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ அந்தமானுக்கோ சென்று குடியமர்ந்த தமிழர் வீட்டிலும் இவ்வழக்கம் மாறுவதில்லை. இந்தச் சிறு பொருளின் பெயரைச் சற்றே ஆராய்ந்தால், அதற்குள் நெடியதொரு கடல் வாணிக வரலாறு அடங்கியிருப்பதைக் காணலாம். ‘ஊத்’ என்பது அரபு மொழியில் கட்டை எனப் பொருள்படும் சொல். சிறப்பு வகையால் அது அகிற்கட்டையைக் குறிக்கும். ஊத் இட்டுச் செய்த வத்தி ஊதுவத்தி ஆயிற்று என்பர் மொழியறிஞர். வடநாட்டார் அதனை அகர்பத்தி என்கின்றனர். அகர் என்பது வடமொழியில் அகுரு எனப்படுவதன் திரிபு. அகுருவும் நம் அகிலும் ஒரே பொருளின் பெயர்கள். ஆகவே எப்பெயரால் அழைத்தாலும் நாம் நினைவுகூர்வது அகிலையே. இன்று கடையில் விற்கும் வத்திகளில் பெரும்பாலும் அகில் இல்லை; பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

அந்த அகில் நம் நாட்டுக்கு எங்கிருந்து வந்தது? பல இடங்களிலிருந்து வந்த அகில்களை நம் முன்னோர் எவ்வாறு வேறுபடுத்தி அறிந்தனர்? அவற்றுள் எதை உயர்ந்தது என்று மதித்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் சென்றால், வங்கக் கடலைக் கடந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் ஓரத்தில் நாம் போய் நிற்போம். அவ்வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் அகில் என்பது யாது என்று தெளிவுபடுத்திக் கொள்வோம். தமிழ் நூல்களில் அகில் என்ற பெயர் இருவேறு மரங்களுக்கு வழங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்து வெள்ளகில் என்று பெயர் பெறும் மரம் ஒன்று. குறிஞ்சி நில மக்கள் சந்தனத்தோடு சேர்த்து அறிந்திருந்த மலையகில் இது என்று கொள்ளலாம். மற்றொன்று அசாம், பர்மா, மலேயா, சுமத்திரா, கம்போசம் முதலிய நாடுகளின் காடுகளில் வளர்வது. உலக வாணிகத்தில் பெருவிலை பெற்றது இந்த இரண்டாவது அகிலே. போர்த்துக்கேசியர் இதன் பெயரை ஆகிலா என்று ஒலித்தனர். இலத்தீனில் அக்குயிலா என்றால் கழுகு. ஒலி ஒத்திருந்ததால் ஐரோப்பியர் இம்மரத்துக்குக் ‘கழுகு மரம்’ என்றே பெயர் வைத்துவிட்டனர். 1783ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் இதற்கு அக்குயிலேரியா மலாக்கென்சிஸ் என்ற தாவரவியற் பெயர் சூட்டினார். மரத்துக்கும் கழுகுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கீழ்த்திசை நாடுகளில் வழங்கிய ஒரு சொல் மேல்நாட்டு நாவில் திரிந்ததே காரணம்.

இம்மரத்தின் இயல்பு வியப்புக்குரியது. நோயற்று நிற்கும் மரத்தின் கட்டை வெளுத்தது, எடையற்றது, மணமும் அற்றது. அதனைப் புழு துளைத்தாலோ, கிளை முறிந்தாலோ, வேறு வகையில் காயம் பட்டாலோ, அப்புண்ணின் வழியே ஒருவகைப் பூஞ்சணம் உட்புகுகிறது. அதைத் தடுக்க மரம் தன்னுள் ஒரு பிசினைச் சுரக்கிறது. ஆண்டுகள் பல செல்லச் செல்ல அப்பிசின் கட்டையில் ஊறி, அதைக் கருமையும் கனமும் உடையதாக்குகிறது. அந்தக் கறுத்த பகுதியே அகில். தண்ணீரில் இட்டால் மிதப்பது கீழ்த்தரம், மூழ்குவது மேல்தரம். சீனர் இதற்கு ‘மூழ்கும் வாசனை’ என்ற பொருளிலேயே பெயரிட்டனர். புண்படாத மரத்தில் மணம் இல்லை என்பதால், காட்டில் எந்த மரத்துள் அகில் இருக்கிறது என்பதை வெளியே பார்த்து எளிதில் சொல்ல முடியாது. பொருளின் அருமைக்கும் விலைக்கும் இதுவே அடிப்படை.

இத்தகைய பொருளை வாங்குவோர் தரம் பிரித்து அறியாமல் இருக்க முடியுமா? வடமொழியில் உள்ள அர்த்தசாத்திரம் அரசனின் கருவூலத்தில் வைக்கத்தக்க பொருள்களைக் கூறும்போது மூன்று வகை அகிலைக் குறிப்பிடுகிறது. ஜோங்ககம் என்பது கரியதும் புள்ளிகள் உடையதும் ஆகும், தோங்ககம் கரியது, மூன்றாவது வகையின் பெயர் பாரசமுத்திரகம். இது பல நிறம் உடையது என்றும், வெட்டிவேரின் மணமோ நவமல்லிகை மலரின் மணமோ கொண்டது என்றும் அந்நூல் சொல்கிறது. பாரசமுத்திரகம் என்றால் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று பொருள். நல்ல அகில் கனமாகவும் எண்ணெய்ப் பசையுடனும் இருக்க வேண்டும், அதன் மணம் தொலைவு பரவ வேண்டும், மெல்ல எரிய வேண்டும், தேய்த்தாலும் மணம் குன்றலாகாது என்றும் அது இலக்கணம் வகுக்கிறது. இன்று வாசனை வணிகர் கையாளும் சோதனைகளும் இவற்றினின்று பெரிதும் வேறுபட்டவை அல்ல.

இனித் தமிழுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் பருவங்களின் வரவைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. தொண்டியோர் மரக்கலத் தொகுதியோடு அனுப்பிய அகில், துகில், சந்தனம், வாசனைப் பொருள்கள், கருப்பூரம் ஆகியவற்றின் மணத்தைச் சுமந்துகொண்டு கீழ்காற்று கூடல் மாநகருக்குள் புகுவதாக இளங்கோவடிகள் அங்கே அமைத்திருக்கிறார். இவ்விடத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் வெறும் சொற்பொருள் சொல்லிச் சென்றுவிடவில்லை. தம் காலத்துக் கடைவீதியை அறிந்தவர் போல, அகிலின் வகைகளைப் பெயர் சொல்லி எடுத்துக் காட்டுகிறார். அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்னும் நான்கு வகைகள் அவை. 1892இல் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து வெளியிட்டிராவிடில் இந்நான்கு பெயர்களும் ஏட்டோடு மறைந்து போயிருக்கலாம்.

இந்நான்கில் காரகில் நிறத்தால் பெற்ற பெயர். ஏனைய மூன்றும் ஊரால் பெற்ற பெயர்கள். அருமணம் என்ற நாட்டிலிருந்து வந்தது அருமணவன். தக்கோலத்திலிருந்து வந்தது தக்கோலி. கிடாரத்திலிருந்து வந்தது கிடாரவன். ஒரு மனிதரை நாம் மதுரைக்காரர், தஞ்சாவூரார் என்று ஊர் சொல்லி அழைப்பது போலவே, மரக்கட்டையையும் அதன் ஊர் சொல்லி அழைத்திருக்கின்றனர். வெளியூரில் வாழும் தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. பக்கத்து வீட்டார் நம் பெயரை அறியுமுன் ஊரைக் கேட்டு அறிகின்றனர் அல்லவா?

இவ்வூர்கள் எங்கே இருந்தன? அருமணம் என்பது பர்மாவின் தென்பகுதியில் இருந்த ராமஞ்ஞ நாடு என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகின்றனர். மோன் இனத்தார் வாழ்ந்த நாடு அது. தக்கோலம் என்றதும் 949இல் சோழர்க்கும் இராட்டிரகூடர்க்கும் பெரும்போர் நடந்த, அரக்கோணத்தை அடுத்துள்ள ஊர் நினைவுக்கு வரலாம். இது அதுவன்று. மலேயத் தீபகற்பத்தின் மேலைக் கரையில், இன்று தாய்லாந்தைச் சேர்ந்த தக்குவாப்பாவை ஒட்டியிருந்ததாகப் பலர் கொள்ளும் துறைமுகமே இத்தக்கோலம். கிரேக்க நிலநூலார் தாலமி 2ஆம் நூற்றாண்டிலேயே தக்கோலாவைச் சந்தை நகரம் என்று குறித்திருக்கிறார். கிடாரம் அல்லது கடாரம் என்பது மலேசியாவின் கெடா. அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் பல அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன.

ஒரு படத்தை விரித்து இம்மூன்று இடங்களையும் குறித்துப் பாருங்கள். வடக்கே அருமணம், நடுவே தக்கோலம், தெற்கே கடாரம். மூன்றும் ஒரே கடலின் கீழைக் கரையில் வரிசையாக அமைந்திருப்பதைக் காண்பீர்கள். அக்கடல்தான் அந்தமான் கடல். அதன் மேலைக் கரையாக நிற்பவை அந்தமான் நிக்கோபார்த் தீவுகள். வடக்கு முதல் தெற்கு வரை 700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இத்தீவு வரிசை, வங்கக் கடலுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையே ஒரு மதில் போல் கிடக்கிறது. மதிலுக்கு வாயில்கள் உண்டு. சின்ன அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையே உள்ள பத்துப் பாகைக் கால்வாய் ஒன்று. பெரிய நிக்கோபாருக்கும் சுமத்திராவுக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலத்தில் உள்ள கடல்வழி மற்றொன்று. சோழ நாட்டிலிருந்தோ பாண்டிய நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அகில் நாடிச் சென்ற மரக்கலம் எதுவாயினும், இவ்வாயில்களுள் ஒன்றின் வழியே செல்லுதல் இயல்பு. அடியார்க்கு நல்லார் தரும் பட்டியல் வாசனைப் பட்டியல் மட்டுமன்று. அது அந்தமான் கடலின் துறைமுகப் பட்டியலும் ஆகும். இதுவே நாம் இங்கே வற்புறுத்த விரும்பும் கருத்து.

சரக்கு விளைந்த காடு ஒன்றாகவும், அது ஏற்றப்பட்ட துறை வேறொன்றாகவும் இருக்கலாம். உள்நாட்டு மலைகளில் வெட்டிய கட்டை ஆற்று வழியே வந்து துறைமுகத்தில் சேரும். வாங்குவோர் துறைமுகத்தின் பெயரையே சரக்குக்கு இட்டு வழங்குவர். ஆகையால் இப்பெயர்கள் மரத்தின் பிறப்பை மட்டுமின்றி, நம் வணிகர் காலூன்றி நின்ற சந்தைகளையும் காட்டுகின்றன எனலாம். இதற்கு வலுவூட்டும் கல்வெட்டுச் சான்றும் உண்டு. தக்குவாப்பாவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கு வெட்டிய ஒரு குளத்தைப் பற்றியும், அதன் காவலைப் பற்றியும் பேசும் அக்கல்வெட்டில் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவின் பெயர் வருகிறது. சுமத்திராவின் மேலைக் கரையில் கருப்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் என்னும் ஊரில் சகம் 1010ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1088இல், ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். வாசனைப் பொருள் விளையும் நாட்டில் தமிழ் வணிகர் தங்கள் மொழியிலேயே எழுதி வைத்திருக்கின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இவ்விரு கல்வெட்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்தது முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பு. 1025இல் நிகழ்ந்த அதனைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. சீவிசயம் தொடங்கிக் கடாரம் முடிய வரிசையாகப் பல இடங்களை அது பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் தலைத்தக்கோலம் வருகிறது, மாநக்கவாரம் வருகிறது, இறுதியில் கடாரம் வருகிறது. அருமண நாட்டுத் துறைமுகம் என்று கருதப்படும் மாப்பப்பாளமும் அதிலே உண்டு. இவ்விடங்கள் பலவற்றை இன்ன ஊர்கள் என்று அடையாளம் கண்டு, சீவிசயப் பேரரசின் வரலாற்றை 1918இல் உலகறியச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் சோர்ச் செதேசு. மெய்க்கீர்த்தியில் உள்ள நக்கவாரமே நிக்கோபார். அடியார்க்கு நல்லாரின் அகிற்பட்டியலையும் இராசேந்திரனின் வெற்றிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வணிகர் மூக்கால் அறிந்த துறைகளையே மன்னன் படையால் அடைந்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. படை சென்றதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே தக்கோலப் பக்கத்தில் தமிழ்க் கல்வெட்டு இருந்ததை எண்ணினால், வாணிகமே முன் சென்றது என்பது தெளிவாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அந்தமானின் தலைநகராகிய போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியபோது, சோழர் கடற்படையோடு இத்தீவுகளுக்கு இருந்த தொடர்பு எடுத்துச் சொல்லப்பட்டது. அத்தீவுகளில் வாழும் தமிழர்க்கு அது மகிழ்ச்சி தந்திருக்கும். ஆயினும் கல்வெட்டு சொல்வதை அளவறிந்து சொல்வதே வரலாற்றுக்கு அழகு. மெய்க்கீர்த்தி கூறுவது நக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரை. தேன் நிறைந்த சோலைகளை உடைய இடம் என்று அதனை அது சிறப்பிக்கிறது. கடற்படைத் தளம் என்று சொல்லவில்லை. வெற்றியின் பெருமையில், அச்சோலைகளுக்கு உரியவர்களாக அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அம்மக்களைப் பற்றி அயல்நாட்டார் எழுதி வைத்திருப்பவை சுவையானவை. 7ஆம் நூற்றாண்டில் சுமத்திரா வழியாக இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி இத்சிங், கெடாவிலிருந்து வடக்கே பத்து நாளுக்கு மேல் பயணம் செய்து ஆடையற்ற மக்களின் தீவை அடைந்ததாகக் கூறுகிறார். அது நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்று என்பர். கப்பலைக் கண்டதும் தீவினர் சிறு படகுகளில் திரண்டு வந்தனராம். தேங்காய், வாழைப்பழம், பிரம்பாலும் மூங்கிலாலும் செய்த பொருள்கள் ஆகியவற்றைக் கொடுத்து அவர்கள் கேட்டது பொன்னன்று, இரும்பு. இரு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கிடைத்ததாம். 851இல் எழுதப்பட்ட அரபு நூல் ஒன்றும் இதையே சொல்கிறது. லங்கபாலூசு என்று அந்நூல் பெயர் சொல்லும் நிக்கோபாரின் மக்கள், அம்பரையும் தேங்காயையும் கொடுத்து இரும்பு வாங்கினர். கொல்லத்திலிருந்து புறப்படும் கப்பல்கள் லங்கபாலூசைக் கடந்து கலா என்னும் துறைக்கும், பின்னர்ச் சம்பா நாட்டுக்கும் செல்லும் என்று வழியையும் அந்நூல் விவரிக்கிறது. சம்பா என்பது இன்றைய வியட்நாமின் நடுப்பகுதி. அங்கிருந்து ஏற்றுமதியாகும் அகிலுக்கு அவ்வூர்ப் பெயரால் சன்ஃபி என்று அரபு வணிகர் பெயரிட்டிருந்தனர். நம் கிடாரவனைப் போன்றதே அவர்களுடைய சன்ஃபி. ஊரைச் சொல்லி அகிலைத் தரம் பிரிக்கும் வழக்கம் அக்கடலில் சென்ற அனைவர்க்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

ஆகவே அகில் வாணிகத்தில் நக்கவாரத்தார்க்கும் ஒரு பங்கு உண்டு. பல நாள் கடலில் மிதந்து வந்த கப்பலுக்குத் தேங்காயும் பழமும் கிடைக்கும் இடம் எத்துணை அரியது என்பதைக் கடலோடிகளே அறிவர். அவர்கள் கொடுத்த அம்பரும் வாசனைப் பொருளே. திமிங்கிலத்தின் குடலில் தோன்றிக் கரையில் ஒதுங்கும் அப்பொருளைத் தமிழர் ஓர்க்கோலை என்றனர்; முத்து, பவளம், சங்கு, உப்பு ஆகியவற்றோடு கடல்படு பொருள் ஐந்தனுள் ஒன்றாக எண்ணினர். இன்று நம் நாட்டில் திமிங்கிலங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும்.

அகில்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தியவர்களில் சீனர் மிகவும் நுட்பமானவர்கள். 1225இல் சவோ சூகுவா என்ற சுங்க அதிகாரி அயல்நாடுகளைப் பற்றி எழுதிய நூலில், கம்போச நாட்டு அகில் முதல்தரம், சம்பா நாட்டது இரண்டாம் தரம், சீவிசயம் சாவகம் முதலிய நாடுகளினுடையது கடைத்தரம் என்று வகுத்திருக்கிறார். அவர் கணக்குப்படி பார்த்தால், தமிழர் பெயரிட்டுப் போற்றிய அந்தமான் கடற்கரை அகில்கள் உச்சியில் இல்லை. அதனால் நம் முன்னோர் தரமறியாதவர் என்று கொள்ள வேண்டியதில்லை. அவரவர்க்கு அணித்தாக உள்ள துறைகளிலிருந்து வருவதே அவரவர் சந்தையை நிரப்பும். மேலும் மண விருப்பம் நாட்டுக்கு நாடு வேறுபடும். சீனரும் சப்பானியரும் கட்டையைச் சூடாக்கி மெல்லிய நறுமணத்தை நுகர்ந்தனர். தமிழர் புகையை விரும்பினர். மகளிர் நீராடிய கூந்தலை அகிற்புகையில் உலர்த்திய செய்தியைச் சங்க நூல்கள் பலவிடத்தும் கூறுகின்றன. அரபு நாட்டார் கட்டையைப் புகைத்ததோடு அதன் எண்ணெயையும் உடலில் பூசினர்.

எண்ணெய் எடுக்கும் முறைகளும் ஒன்றல்ல. அக்பர் அவையிலிருந்த அபுல் பசல் தம் அயினி அக்பரியில் அகிலின் வகைகளை எண்ணிச் சொல்லி, அதிலிருந்து சூவா என்ற எண்ணெய் இறக்கும் முறையையும் விளக்குகிறார். மண் பூசிய குறுகிய கழுத்துள்ள பாத்திரத்தில் அகில் துண்டுகளை இட்டு, அதைக் கவிழ்த்து, எரு நெருப்பால் சூடேற்றி, கீழே வைத்த தண்ணீர்ப் பாத்திரத்தில் எண்ணெய் சொட்டச் செய்வதே அம்முறை. நம் சித்த மருத்துவர்கள் குழித்தைலம் இறக்கும் முறையோடு இது ஒத்திருக்கிறது. இக்காலத்தில் அசாமில் நடைபெறுவது வேறு முறை. அங்கே கட்டையைச் சிறு சிறு துண்டாக்கிப் பல நாள், சில இடங்களில் பல வாரம், நீரில் ஊறவைத்துப் பின் வாலையில் இட்டுக் காய்ச்சி வடிக்கின்றனர். அசாம் அகிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 7ஆம் நூற்றாண்டில் காமரூப மன்னன் பாற்கரவர்மன் ஹர்ஷனுக்கு அனுப்பிய காணிக்கைகளுள் கரிய அகிலும், அகில் மரப்பட்டையில் எழுதிய நூல்களும் இருந்ததாகப் பாணபட்டர் எழுதியிருக்கிறார்.

இவ்வாறு எடுக்கும் எண்ணெய்களை அருகருகே வைத்து முகர்ந்து பார்ப்பவர்கள் கூறும் வேறுபாடுகள் கேட்கத்தக்கவை. அசாம் எண்ணெய் முதலில் தோலின் மணமும் மாட்டுத் தொழுவத்தின் மணமும் கலந்தது போல் கடுமையாகத் தோன்றும்; நேரம் செல்லச் செல்லக் கடுமை தணிந்து இனிமை வெளிப்படும். நெடுநாள் ஊறவைப்பதே அக்கடுமைக்குப் பெரிதும் காரணம். கம்போச எண்ணெய் கனிந்த பழத்தின் இனிமை உடையது. மலேயா எண்ணெய் உலர்ந்த மரத்தின் மணத்தோடு கருப்பூரச் சாயல் கொண்டது. போர்னியோ எண்ணெய் இலேசானது, குளிர்ச்சி தருவது. இவை பொது இலக்கணங்கள் மட்டுமே. மரத்தின் இனம், வயது, உட்புகுந்த பூஞ்சணம், ஊறிய நாள், வாலை செய்த உலோகம், அடுப்பின் சூடு ஆகிய அனைத்தும் மணத்தை மாற்றும். ஒரே ஊரில் இரு வாலைகளில் வடித்த எண்ணெய்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே புறங்கையில் ஒரு துளி தடவி, உடனே முடிவு செய்யாமல், மணம் மாறி வரும் வகையைப் பொறுத்திருந்து பார்ப்பதே கைதேர்ந்த வணிகரின் வழக்கம்.

அந்தமானின் காடுகள் இவ்வாணிகத்தில் எவ்வகையில் இடம்பெறுகின்றன என்ற வினா எழலாம். அக்காடுகள் படாக்கு மரத்துக்கும் கர்ஜன் மரத்துக்கும் புகழ்பெற்றவை, அகிலுக்கு அல்ல. ஆனால் அகிலின் பெயரைத் தாங்கிய மரம் ஒன்று அங்கே கடலோரச் சதுப்பு நிலங்களில் நிற்கிறது. தாவரவியலார் அதனை எக்சிகேரியா அகலோச்சா என்பர். அகலோச்சா என்பது அகிலின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. பிசின் ஏறிய அதன் கட்டையை அகிலாகக் கருதி மயங்கியதால் வந்த பெயர் அது. உண்மையில் அது அகில் அன்று. நாம் நன்கு அறிந்த தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததும், இன்றும் பிச்சாவரத்தில் காணப்படுவதும் அதுவே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. கர்ஜன் மரத்தின் எண்ணெயும் வாசனைத் தொழிலில் விலையுயர்ந்த எண்ணெய்களோடு கலப்படம் செய்யப் பயன்படுவதுண்டு. பெயரை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவர் என்பதற்குத் தில்லையும் கர்ஜனும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

அகிலுக்கு இன்று நேர்ந்திருக்கும் நிலை கவலை தருவது. எம்மரத்துள் அகில் உண்டு என்று தெரியாத காரணத்தால், காடுகளில் நல்ல மரங்களையும் சேர்த்து வெட்டி வீழ்த்தினர். 1995இல் அக்குயிலேரியா மலாக்கென்சிசும், 2004இல் எடுத்த முடிவின்படி அக்குயிலேரியா இனம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அடியோடு அழிந்துபோகும் பேராபத்தில் உள்ள மரங்களுள் ஒன்றாக மலாக்கென்சிசைச் சேர்த்தது. தோட்டங்களில் மரத்தை வளர்த்து, அதில் துளையிட்டுப் பூஞ்சணத்தைச் செலுத்தி அகில் உண்டாக்கும் முறை இன்று பரவி வருகிறது. அசாம் அரசு 2020இலும் திரிபுரா அரசு 2021இலும் இதற்கெனத் தனிக் கொள்கைகளை வகுத்தன. தோட்ட அகில் காட்டு அகிலின் மணத்துக்கு ஈடாகுமா என்பதில் வணிகரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் காட்டில் எஞ்சியுள்ள மரங்கள் பிழைக்க வேண்டுமானால் தோட்டம் தவிர வேறு வழியில்லை.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இன்று தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். தலைநகரில் தொழில் செய்வோரும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டோரும் அவருள் அடங்குவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் கச்சால் பட்ட துன்பம் நம் நெஞ்சை விட்டு நீங்காதது. அத்துயரில் நிக்கோபாரியரும் தமிழரும் ஒருங்கே வீழ்ந்தனர். முன்னொரு காலத்தில் தேங்காய்க்கு இரும்பு மாற்றிக் கொண்ட இரு சாராரின் வழித்தோன்றல்கள் இன்று ஒரே தீவில் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர்.

அவர்களும், பிற மாநிலங்களில் வாழும் தமிழரும் அடியார்க்கு நல்லாரின் அந்தப் பட்டியலிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கடல் கடந்து வந்த பொருளைத் தமிழர் தம் பொருளாக ஏற்றுத் தம் மனைகளில் புகைத்தனர். தம் காப்பியத்திலும் இடம் தந்தனர். ஆனால் அதன் ஊரை மறைக்கவில்லை. கூடல் நகரத்துக் கடைவீதியிலும் கிடாரவன் கிடாரவனாகவே இருந்தது. வந்த இடத்தில் மணம் பரப்புவதும் பிறந்த இடத்தின் பெயரை இழக்காமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அந்நாள் வணிகர் நன்கு அறிந்திருந்தனர். அருமணத்துக்கும் தக்கோலத்துக்கும் கடாரத்துக்கும் அவர்கள் கொடுத்த அந்த நேர்மையான மதிப்பை, வழியில் கப்பலை நிறுத்தித் தேங்காய் கொடுத்த நக்கவாரத்து மக்களுக்கும் கொடுப்பது இன்று நம் கடன்.